வயல் மேல் செல்லும் பழைய மின் லைன்: புதுப்பிக்கும்போது விவசாயி கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணற்று மோட்டாரும் தறி வீட்டு விளக்கும் பெரும்பாலும் ஒரே லைனை நம்பியே இருக்கின்றன. அந்த லைன் வருவதோ வயல் வழியாக. லைன் பழுதானால் நெசவாளிக்கு வேலை நிற்கும். விவசாயிக்குப் பயிர் வாடும், மோட்டார் கருகும். கம்பி அறுந்து விழுந்தால் மாடும் மனிதரும் உயிரிழக்கும் ஆபத்தும் உண்டு.

மின் கம்பிகளை மாற்றுவது மின்வாரியத்தின் வேலை. அதில் நமக்கு என்ன என்று விவசாயிகள் பலர் இருந்துவிடுகிறார்கள். இது சரியல்ல. ஒரு லைனைப் புதுப்பித்தால் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அதுவே நம் நிலத்தின் மேல் நிற்கும். கம்பி எந்த உயரத்தில் போக வேண்டும், ஸ்டே கம்பி எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டிய நேரம் புதுப்பிக்கும் நேரமே. அதற்குப் பின் சொன்னால் மாற்றுவது கடினம்.

எந்த லைன், யாருடையது?

முதலில் நம் வயலில் உள்ள லைன் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பம்ப்செட்டுக்கு வரும் மூன்று பேஸ் லைன் 415 வோல்ட் தாழ்வழுத்த லைன். டிரான்ஸ்பார்மருக்கு வரும் மூன்று கம்பி லைன் பொதுவாக 11,000 வோல்ட் உயரழுத்த லைன். துணை மின் நிலையங்களை இணைப்பவை 33,000 வோல்ட் லைன்களும், இரும்புக் கோபுரங்களின் மேல் செல்லும் 1,10,000, 2,30,000, 4,00,000 வோல்ட் லைன்களும்.

1957ஆம் ஆண்டு அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டது. இன்று கோபுர லைன்களைக் கவனிப்பது தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம். கம்ப லைன்கள் மின் பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தவை. மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனத்துக்கும் தனிக் கோபுர லைன்கள் உண்டு. மனு கொடுக்கும்போது உரிய இடத்தில் கொடுக்க இது உதவும். கோபுரத்தில் தொங்கும் தகட்டில் வோல்டேஜும், எண் பலகையில் கோபுர எண்ணும் இருக்கும். இரண்டையும் சர்வே எண்ணுடன் குறித்து வைத்துக்கொள்ளவும்.

லைன் எப்படி மூப்படைகிறது?

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் 1937இலும் தொடங்கின. அவற்றிலிருந்தும், பின்னர் வந்த மின் நிலையங்களிலிருந்தும் லைன்கள் நாடெங்கும் நீண்டன. பல இடங்களில் கோபுரமும் கம்பியும் இரண்டு தலைமுறையைப் பார்த்துவிட்டன.

கம்பி என்பது நடுவே எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் கொண்டது. எஃகு பாரத்தைத் தாங்குகிறது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துகிறது. எஃகின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு போனால் உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அலுமினியமோ பல ஆண்டு இழுவையில் சிறிது சிறிதாக நீளுகிறது. காற்றில் ஆடி ஆடி, பீங்கானில் கட்டிய இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

பீங்கானில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டால் வெயிலில் ஒன்றும் தெரியாது. மார்கழிப் பனியிலும் முதல் தூறலிலும் தூசி நனைந்ததும் "சுர்" என்ற சத்தம் வரும். இரவில் நீலப்பொறி தெரியும். அதைக் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். சிமெண்ட் கம்பத்தில் காரை உதிர்ந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் அந்தக் கம்பத்தின் ஆயுள் முடிந்து வருகிறது என்று பொருள்.

கோபுரத்துக்குக் கேடு பெரும்பாலும் காலில் தொடங்குகிறது. இரும்புக் கால் மண்ணில் இறங்கும் இடத்தில் கான்கிரீட் கவசம் தரைக்கு மேல் தெரிய வேண்டும். வரப்பு மண்ணை அதன் மேல் அணைத்தாலும், உரக்குப்பை கொட்டினாலும், பாசன நீர் எப்போதும் தேங்கி நின்றாலும் இரும்பு அரிக்கும். இதைத் தடுப்பது விவசாயி கையில்தான் இருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் திருடு போனாலும் கோபுரம் பலமிழக்கும். காணாமல் போன சட்டத்தைப் பற்றிச் சொல்வதும் நம் கடமையே.

சிறு பொருள்தானே என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1921இல் இயங்கத் தொடங்கிய ஒரு கோபுர லைனில், பீங்கான் சரத்தைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து 2018 நவம்பர் 8 அன்று அறுந்தது. கம்பி கோபுரத்தில் உராய்ந்து பொறி காய்ந்த புல்லில் விழுந்தது. அந்தத் தீயில் பாரடைஸ் என்ற ஊரே அழிந்தது. 85 பேர் இறந்தனர். காலத்தில் மாற்றாத ஒரு கொக்கியின் விலை இது.

உயரமே முதல் கேள்வி

லைன் போட்ட காலத்தில் வயலில் இறங்கியவை ஏரும் மாட்டு வண்டியும். இன்று நெல் அறுவடை இயந்திரம் வருகிறது. வைக்கோல் லாரியும், கரும்பு லாரியும், போர் போடும் வண்டியும், தொட்டியைத் தூக்கும் டிப்பரும் வருகின்றன. அறுவடை இயந்திரத்தின் உயரமே பத்துப் பன்னிரண்டு அடி. டிப்பர் தொட்டியைத் தூக்கினால் இருபது அடியைத் தொடும். கம்பியோ அன்றைவிடத் தாழ்ந்திருக்கிறது. நிலமும் சாலையும் மண் கொட்டி உயர்ந்திருக்கின்றன. ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வருகிறது.

காஞ்சிபுரத்தில் தேரோட்டம் என்றால் கம்பியின் உயரத்தை யாரும் மறப்பதில்லை. மின்சாரத்தை நிறுத்தித் தேருக்கு வழிவிடுவது ஊரார் அறிந்த வழக்கம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர்ச் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். சாலை மட்டம் உயர்ந்திருந்ததும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. தேருக்குக் காட்டும் அந்தக் கவனத்தை வயலில் இறங்கும் இயந்திரத்துக்கும் காட்ட வேண்டும்.

பாதுகாப்பு விதிகளின்படி வயல் வெளியில் திறந்த கம்பிக்குத் தரையிலிருந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் இது:

11,000 வோல்ட் வரை: 4.6 மீட்டர், அதாவது 15 அடி.
33,000 வோல்ட்: 5.2 மீட்டர், 17 அடி.
1,10,000 வோல்ட்: 6.1 மீட்டர், 20 அடி.
2,30,000 வோல்ட்: 7 மீட்டர், 23 அடி.
சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 11,000 வோல்ட் லைனுக்கும் 6.1 மீட்டர், 20 அடி.

மூங்கிலோ, இரும்புக் குழாயோ தூக்கி உயரம் அளக்கக் கூடாது. உயரழுத்தக் கம்பியில் தொடாமலே மின்சாரம் பாயும். கண்ணளவு எடுக்க எளிய வழி உண்டு. உயரம் தெரிந்த ஓர் ஆள் லைனுக்கு நேர் கீழே நிற்காமல், சற்றுத் தள்ளி அதே தூரத்தில் வரப்பில் நிற்கட்டும். நாம் ஐம்பது அறுபது அடி விலகி நின்று, ஒரு ஈர்க்குச்சியைக் கை நீட்டிப் பிடித்து அவர் உயரத்தைக் குறித்துக்கொண்டு, கம்பி வரை எத்தனை ஆள் உயரம் என்று எண்ணலாம். ஐந்தரை அடி ஆள் என்றால் மூன்று ஆள் உயரம் பதினாறரை அடி. 11,000 வோல்ட் கம்பி மூன்று ஆள் உயரத்துக்குக் குறைவாகத் தெரிந்தால் உடனே அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் கருவியால் அளக்கச் செய்ய வேண்டும்.

இதை எப்போது பார்ப்பது என்பது முக்கியம். காலை வேளையில் பார்த்து உயரம் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலிலும் மின்னோட்டத்தின் சூட்டிலும் கம்பி நீளும். 300 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கோபுரங்களுக்கிடையே சூடு 40 டிகிரி கூடினால் கம்பி ஏறத்தாழ ஒரு சாண் நீளுகிறது. ஆனால் நடுவில் அது நான்கைந்து அடி இறங்கிவிடும். எனவே சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலுக்குப் பின், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

புதுப்பிப்பதில் என்ன செய்கிறார்கள்?

கம்ப லைனில் சாய்ந்த கம்பங்களை மாற்றுவார்கள். இடைவெளி அதிகமான இடத்தில் நடுவே ஒரு கம்பம் நடுவார்கள். மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி இழுப்பார்கள். கம்பிகளுக்கு வீசல், ராபிட், ரக்கூன், டாக் என்று மிருகங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். வீசல் கம்பியில் அலுமினியம் சுமார் 30 சதுர மில்லிமீட்டர். ராபிட் 50, ரக்கூன் 80, டாக் 100. லைன்மேனிடம் "எந்தக் கம்பி இழுக்கிறீர்கள்?" என்று கேட்டாலே பலம் கூடுகிறதா என்று தெரிந்துவிடும்.

கோபுர லைனில் துருப்பிடித்த சட்டம், கொக்கி, பீங்கான் சரம் ஆகியவற்றை மாற்றிக் காலுக்குக் கான்கிரீட் பூசுவார்கள். சில இடங்களில் அதிகச் சூட்டைத் தாங்கியும் அதிகம் தொய்யாத புதுவகைக் கம்பியைப் பழைய கோபுரத்திலேயே இழுக்கிறார்கள். புதிய கோபுரம் இல்லாமலே ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம் கொண்டு போகலாம் என்பதால் நிலம் மேலும் போகாது. இது விவசாயிக்கு நல்லதே.

வோல்டேஜை உயர்த்தினால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழைய 66,000 வோல்ட் லைன்கள் பல இடங்களில் 1,10,000 ஆக மாற்றப்பட்டன. அப்படி மாற்றும்போது தேவையான உயரம் பதினெட்டு அடியிலிருந்து இருபது அடியாகிறது. லைன் வழித்தடத்தின் அகலமும் 18 மீட்டரிலிருந்து 22 மீட்டராகிறது. வேலைக்கு வருபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வோல்டேஜ் பழையதுதானா, மாறுகிறதா?"

மோட்டாருக்கு என்ன லாபம்?

தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. ஆனால் மோட்டார் காயில் கருகினால் அதைக் கட்டும் செலவு நம்முடையதே. கருகுவதற்குப் பெரிய காரணம் குறைந்த வோல்டேஜ். வோல்டேஜ் 20 சதவிகிதம் குறைந்தால் மோட்டாரின் திருகு விசை 36 சதவிகிதம் குறைகிறது. அதே தண்ணீரை இறைக்க அது அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது.

டிரான்ஸ்பார்மர் தொலைவில் இருந்து, தாழ்வழுத்த லைன் வயல் வயலாக நீண்டால் கடைசி மோட்டாருக்கு வோல்டேஜ் போதாது. இதற்குச் சிறந்த பரிகாரம் 11,000 வோல்ட் லைனை வயல் அருகே கொண்டுவந்து, சில மோட்டார்களுக்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைப்பது. ஒரே அளவு சக்தியைக் கொண்டுவர 415 வோல்ட்டில் தேவைப்படும் மின்னோட்டத்தில் இருபத்தாறில் ஒரு பங்கே 11,000 வோல்ட்டில் போதும். கம்பியில் வீணாவது எழுநூறில் ஒரு பங்காகக் குறையும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த மின் விநியோக மறுசீரமைப்புத் திட்டத்தில் பழைய லைன்களைப் பலப்படுத்துவதும், விவசாய பீடரைத் தனியே பிரிப்பதும் இடம் பெற்றுள்ளன. நம் பிரிவு அலுவலகத்தில் எந்த பீடர் இதில் சேர்ந்திருக்கிறது என்று கேட்டறியலாம்.

மோட்டாரின் சக்திக்கேற்ற கெபாசிட்டர் பொருத்துவது நம் பங்கு. ஒவ்வொருவரும் பொருத்தினால் லைனில் ஓடும் மின்னோட்டம் குறைந்து கடைசி மோட்டாருக்கும் வோல்டேஜ் கூடும்.

வேலை தொடங்கும் முன்

1. கம்பி தாழ்ந்த இடம், சாய்ந்த கம்பம், இயந்திரம் வயலில் இறங்கும் வழி ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் எழுதி, பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து கொடுத்தால் பலன் அதிகம்.

2. இயந்திரம் கடக்கும் வண்டிப்பாதையின் மேல் சாலைக்குரிய 20 அடி உயரம் வேண்டும் என்று கேட்கலாம்.

3. ஸ்டே கம்பியை வரப்போரமாக இறக்கச் சொல்ல வேண்டும். நடு வயலில் இறங்கினால் ஆண்டாண்டுக்கும் உழவு கெடும். ஸ்டே கம்பியில் முட்டைப் பீங்கான் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே கோளாறு ஏற்படும்போது கீழே மின்சாரம் இறங்கும்.

4. ஏரிப் பாசன நிலங்களில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். கிணற்றுப் பாசனத்தில் நவரை அறுவடைக்கும் சொர்ணவாரி நடவுக்கும் இடையே செய்யலாம். எப்படியும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்ததை மறக்கக் கூடாது.

5. அடங்கலில் சாகுபடிப் பயிர் சரியாகப் பதிவாகி இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளவும். குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். பதிவு இல்லாவிட்டால் பயிர்ச் சேதத்தை நிரூபிப்பது கடினம்.

நஷ்ட ஈடு

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, வேலை செய்பவர்கள் இயன்றவரை குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும், விளைந்த சேதத்துக்கு முழு நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிறது. கம்பி உருளை இழுத்த தடம், மிதிபட்ட பயிர், உடைந்த வரப்பும் வாய்க்காலும் இதில் அடங்கும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்கவும். வாய்ப்பேச்சை நம்பாமல் சேத அளவை எழுத்தில் பெறவும்.

மரங்களைப் பற்றி 68ஆம் பிரிவு சொல்கிறது. லைன் போடும் முன்பே இருந்த மரத்தை வெட்டினால் இழப்பீடு உண்டு. லைனுக்குப் பின் நட்ட மரத்துக்கு இல்லை. ஆகையால் லைனுக்குக் கீழ் தென்னை, சவுக்கு, தைலம், மூங்கில் வைக்க வேண்டாம். நெல், வேர்க்கடலை, காய்கறி, மலர்ப் பயிர்கள் செய்யலாம்.

புதிய கோபுர லைன்களுக்கு மத்திய அரசு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவிகிதமும், வழித்தடத்துக்கு 15 சதவிகிதம் வரையிலும் சொல்லப்பட்டது. 2024 ஜூனில் இது 200 சதவிகிதமாகவும் 30 சதவிகிதமாகவும் உயர்த்தப்பட்டது. இது மாநிலங்களுக்கான வழிகாட்டுதல். அதே கோபுரத்தில் கம்பியை மட்டும் மாற்றினால் நிலத்துக்கு மீண்டும் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. பயிருக்கும் மரத்துக்கும் மட்டுமே கேட்கலாம். ஆனால் கோபுரம் இடம் மாறினாலோ, வழித்தடம் அகலமானாலோ நில இழப்பீட்டை எழுத்து மூலம் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலை நடக்கும்போதும் முடிந்த பின்னும்

கீழே கிடக்கும் பழைய கம்பியை "மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது" என்று எண்ணித் தொடக் கூடாது. பக்கத்து லைனிலிருந்து தூண்டல் மின்சாரம் அதில் வரலாம். குழந்தைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இணைப்பில் இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் குறைவாக வரும் அல்லது வராது. நீர்மூழ்கி மோட்டாரில் இது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரின் அளவைக் கொண்டே அறிய வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தி லைன்மேனிடம் சொல்லவும். கம்பத்தில் நாமே ஏறிச் சரி செய்ய முற்படக் கூடாது. மூன்று பேஸிலும் வோல்டேஜ் சமமாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்வதும் நல்லது.

கோபுர லைனுக்கு இணையாக நீண்ட கம்பி வேலியோ தகரக் கொட்டகையோ இருந்தால் அதற்கு எர்த் கொடுக்க வேண்டும். லைனுக்குக் கீழ் வைக்கோல் போர் போடுவதும், கரும்புச் சோகை கொளுத்துவதும் கூடாது. புகையும் அனலும் மேலே போனால் மின்சாரம் அதன் வழியே பாயும்.

கம்பி அறுந்து விழுந்தால்

ஈர வயலில் விழுந்த கம்பியைச் சுற்றித் தரையிலேயே மின்சாரம் பரவியிருக்கும். அருகே ஓடக் கூடாது. ஏற்கெனவே அருகில் இருந்தால் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துச் சிறு சிறு தத்தலாக விலக வேண்டும். காலை அகட்டி வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்சாரம் பாயும். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளி இருப்பதால்தான் அது முதலில் சாகிறது. அதைக் காப்பாற்ற ஓடி உயிரிழந்தவர்கள் உண்டு. மின்சாரத்தை நிறுத்தும் வரை யாரையும் நெருங்க விடாமல், மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்கும் பிரிவு அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

லைனைப் பராமரிக்கும் பொறுப்பு மின் கழகத்துடையது. ஆனால் ஆண்டு முழுவதும் அந்த லைனின் கீழ் நிற்பவர் விவசாயி. பீங்கானில் வரும் பொறியையும், தொய்ந்த கம்பியையும், அரித்த கோபுரக் காலையும் முதலில் பார்ப்பவரும் அவரே. இந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள் பிற்பகல் உங்கள் வயலின் லைனை நின்று பாருங்கள். குறை கண்டால் அன்றே எழுதிக் கொடுங்கள். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் முன் கம்பி உயர வேண்டும்.